கொதிக்க வைக்க முடியாத பொம்மை

மறுபடியும் கீழே அதே எரிச்சல், அதே நாற்றம். மாத்திரை தின்று தின்று என் நாக்கே செத்துவிட்டது.

"ரெண்டு பேருமே மருந்து சாப்பிட்டீங்க. அப்படியும் திரும்பத் திரும்ப வருதுன்னா எங்கேயோ ஒளிஞ்சிருக்கு, வீப்கே," என்றார் டாக்டர். "படுக்கையில சுகத்துக்குன்னு பொம்மை ஏதாவது வெச்சிருக்கீங்களா? அதைக் கழுவுறீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. கழுவுவதா? என் துணை ஆன்ட்யே சிலிக்கோன் பொம்மைகளை, அஸ்பாரகஸ் என்னும் நீளத் தண்டுக் காயை வேகவைக்கும் உயரமான பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைப்பாள். பொம்மை ஒருத்தியிடமிருந்து மற்றவளுக்கு மாறினால் அதன்மேல் புது ஆணுறை. அந்தப் பாத்திரத்தில் வெந்த அஸ்பாரகஸை நான் தொடுவதே இல்லை.

ஒன்றை மட்டும் டாக்டரிடம் சொல்லவில்லை. நாங்கள் எதையும் தொடாத நாட்களிலும் கட்டிலோர இழுப்பறை ஈரமாக இருந்தது. உள்ளே விரித்த துண்டில் லாவண்டர் சோப்பு வாசம். அது ஜில்கேயின் சோப்பு. எனக்கு முன்னால் ஆன்ட்யேயோடு வாழ்ந்தவள் ஜில்கே. இதே அறையில்தான் செத்தாள்.

எங்கள் ஊரில் யாராவது செத்தால் முதலில் ஜன்னலைத் திறந்துவிடுவோம், உயிர் வெளியே போகட்டும் என்று. ஜில்கே செத்தபோது ஆன்ட்யே திறக்கவில்லை. குளிர் என்றாளாம். மற்ற அறைகளில் காலையில் காற்று விடாவிட்டால் சண்டைக்கு வருகிறவள், அந்த ஜன்னலை மட்டும் இன்றுவரை தொட விடவில்லை.

வேறொருத்தி வந்துபோகிறாள் என்று எனக்குச் சந்தேகம். ஒரு மத்தியானம் வேலையிலிருந்து சொல்லாமல் திரும்பினேன். குளியலறையில் ஆன்ட்யேயின் குரல்.

"கொஞ்சம் பொறு. இதோ முடிஞ்சிடுச்சு."

தனியாகத்தான் நின்றாள். கையில் இளஞ்சிவப்பு நிறத்தில், மெத்தென்று ஒரு பழைய ரப்பர் பொம்மை. விரலெல்லாம் லாவண்டர் நுரை.

"யாருதுடி இது?"

"ஜில்கேயோடது. கொதிக்க வெச்சா உருகிடும். அதான் சோப்பு போடுறேன். நல்லாத்தான் கழுவுறேன், வீப்கே."

"கழுவிக் கிழிச்சே. அந்த ரப்பர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. உள்ள போனது வெளிய வராது. செத்தவளோட கிருமியை உன் வழியா எனக்குக் குடுக்கறியா?"

"இதுல அவ இருக்கா," என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவளா நானா, சொல்லு."

சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பிறகு தானே அதைக் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டாள். அது கூழாகி அடியில் ஒட்டியது. வீடு முழுக்க லாவண்டர் ஆவி. நான் ஓடிப்போய் அந்த ஜன்னலை இழுத்துத் திறந்தேன். காற்று உள்ளே வரவில்லை. திரைச்சீலை மட்டும் வெளிப்பக்கம் போய்ப் படபடத்தது. அதன் பிறகு நான் அதைச் சாத்த விடவில்லை.

அடுத்த பரிசோதனையில் இருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. சந்தோஷத்தில் இழுப்பறையைத் திறந்தேன். சிலிக்கோன் பொம்மை துண்டில் பத்திரமாகச் சுற்றிக் கிடந்தது. துண்டு ஈரம். லாவண்டர்.

"நீ கழுவினியா?"

"இல்லையே. அந்தச் சோப்பைக்கூட அன்னைக்கே குப்பையில போட்டுட்டேனே."

ஆன்ட்யே துண்டை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்தாள். அப்போது அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சியை, எனக்காக வந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.