வெளிச்சத்தில் ஆடுகிறவன்

எமெரிக் இறந்த பிறகும் சொலாஞ்சோடு ஆடிக்கொண்டுதான் இருந்தான்.

மேடை நடுவே மெல்லிய வலைத்துணி தொங்கும். விளக்கு அணைந்ததும், முன்பு எடுத்த படத்திலிருந்து அவன் உருவம் அதன்மேல் விழும். அதே உயரம், அதே தோள், நெற்றியில் புரளும் அதே முடி. சொலாஞ் கை நீட்டிப் பின்னால் சாய வேண்டும். முன்பெல்லாம் சாய்ந்தால் முதுகுக்கு அவன் உள்ளங்கை வந்துவிடும். இப்போது இடுப்பை இறுக்கித் தன்னைத் தானே தாங்கிக்கொண்டாள். கூட்டம் அழுதது. மொன்றியால் நகரம் முழுக்க இதே பேச்சு.

அவளை வதைத்தது அவன் உதடுகள். சாய்ந்து கிடக்கும்போது அவன் முகம் அவள் முகத்துக்கு நேர் மேலே வரும். அப்போது உதடுகள் அசையும். ஒலியை எடுத்துவிட்டு இசையைச் சேர்த்திருந்ததால் பார்ப்பவர்களுக்கு அவன் மூச்சு வாங்குவதாகத்தான் தோன்றும். ஆனால் அதைப் படம்பிடித்த அன்று அந்தக் கையில் கிடந்தவள் அவள். "சொலாஞ், என்னால முடியல. நிறுத்தச் சொல்லேன்" என்றான். அவள் சொல்லத்தான் சொன்னாள். நடன இயக்குநர் லமிராந், "கடைசியா ஒரே ஒரு தடவை" என்று கை தட்டினார். காய்ச்சலோடு ஆடினான். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுபோனது.

ரொட்டிக்கடை வரிசையில் முன்னால் நிற்பவர் வாயசைத்தால் அவளுக்கு அதுதான் கேட்டது. மெட்ரோவில் பக்கத்து இருக்கையில் பையை வைத்து, யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

லமிராந்திடம் போய், "அந்தப் படத்தை எடுத்துடுங்க" என்றாள்.

"அவனை ரெண்டாவது தடவை சாகடிக்கச் சொல்றியா?" என்றார் அவர். "உன் இடத்துக்கு எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமில்ல?"

அவள் அழுததைப் பார்த்தவள் உடை தைக்கும் ரெஷான். "நடனக்காரங்களுக்குன்னே ஒரு வக்கீலம்மா வியாழக்கிழமை உக்காந்திருப்பாங்க. பைசா வாங்க மாட்டாங்க. போய்ப் பாரு."

"வக்கீல்கிட்ட போனேன்னு தெரிஞ்சா அப்புறம் எவன் என்னை ஆடக் கூப்பிடுவான்?"

"எப்படித் தெரியும்? பாதிரியாருக்கு அடுத்தபடி வாயைத் திறக்காதவங்க வக்கீல்தான். அதுலயும் பாதிரியார் கொஞ்சம் குடிச்சா உளறிடுவாரு."

துணிக்கடை மாடியில் ஒரு சின்ன அறை. வக்கீல் நாதியா பென்கிரான் பனி ஈரம் காயாத பூட்ஸோடு உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். சொலாஞ் தொடங்கியதும் அதைக் கீழே வைத்தார். முடிக்கும்வரை எடுக்கவில்லை.

"என்ன சொல்லிப் படம் எடுத்தாங்க?"

"புதுசா வர்றவங்க பாத்துக் கத்துக்கிறதுக்குன்னு. மேடையில போடுவோம்னு பேச்சே இல்ல."

"இதையே நாளைக்கு அவங்க முன்னாடி சொல்வீங்களா?"

சொலாஞ் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்கே பதில் வேணாம். அந்த உருவத்தோட ஆட மாட்டேன்னு உங்களுக்காக நீங்க சொல்லலாம். நான் கூட நிக்கிறேன்."

"நான் விலகினா வேற ஒருத்தியை நிறுத்துவாங்க. அவன் அவகிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பான்."

பென்கிரான் அவளையே பார்த்தார். "அப்போ அவனுக்காகத்தான் கேக்கணும். அந்த உரிமை உங்களுக்கு இல்ல. அவங்கம்மாவுக்குத்தான் இருக்கு."

எமெரிக்கின் அம்மா யூகெத் ஒவ்வொரு ஞாயிறும் பகல் காட்சிக்கு வந்து முன்வரிசையில் உட்காருவார். சொலாஞ் அவர் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"அதை மட்டும் கேக்காத. கல்லறையில வெறும் பனிதான் கிடக்கு. என் புள்ளை அங்க மேடையிலதான் இருக்கான்." கரண்டியால் கிளறியவர் கொஞ்சம் இளகிக் கேட்டார்: "ஆமா, நீ சாயுறப்போ அவன் உதடு அசையுதே, தாளம் எண்ணுறானா? சின்ன வயசுலேர்ந்தே எண்ணிக்கிட்டேதான் ஆடுவான்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தாய் வாழ்நாள் முழுக்க அதை நம்பி வாழ்ந்திருப்பார். சொலாஞ்சின் நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்துவிட்டது.

"இல்லம்மா" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

யூகெத் அழவில்லை. அடுப்பை அணைத்தார். எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எப்படிச் சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

சொலாஞ் குரலைத் தாழ்த்தி, மூச்சு திணற, அவன் சொன்னபடியே சொன்னாள். அறையில் வேறு யாரோ பேசியதுபோல இருந்தது. யூகெத் கண்ணை மூடிக் கேட்டார்.

அடுத்த வியாழன் இருவருமாக அந்த மாடி ஏறினார்கள். எல்லார் முன்னிலையிலும் சாட்சி சொல்ல சொலாஞ் ஒப்புக்கொண்டாள். லமிராந் கத்தினார், கெஞ்சினார், நன்றி கெட்டவள் என்றார். பென்கிரான் ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. நீதிமன்றம்வரை போகத் தேவையில்லாமல் நடனக் குழு இறங்கி வந்தது. உருவத்தை மேடையில் இனிக் காட்டுவதில்லை, பதிவை அம்மாவிடமே ஒப்படைப்பது என்று முடிவானது. வசந்தத்தில் ஆட வரச்சொல்லியிருந்த வேறொரு குழு அதன்பின் சொலாஞ்சைக் கூப்பிடவே இல்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது.

ஒத்துக்கொண்ட மிச்சக் காட்சிகளை அவள் தனியாக ஆடினாள். முதல் ஞாயிறு, விளக்கு அணைந்ததும் கை நீட்டிச் சாய்ந்தாள். மேலே வெறும் துணி. யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. இதைத்தானே வேண்டினோம் என்று நினைத்தாள். நினைத்தபோதே, விழுந்துவிடுவோம் என்ற பயம் வந்தது. எப்படியோ எழுந்தாள்.

வெளியே யூகெத் காத்திருந்தார். நடைபாதை உறைந்து கிடந்தது. சொலாஞ்சின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை எங்க போறதுன்னு தெரியல" என்றார்.

"எனக்கும் தெரியலம்மா."

யூகெத்தின் பேருந்து வந்தது. சொலாஞ்சின் வீடு எதிர்த் திசையில் இருந்தது. அவளும் ஏறிக்கொண்டாள்.