ஆசியாவின் இடது கால்

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. கோடைக்கானல் பஜாரில் இடுப்புவலி, கால்வலி என்று படுத்த பெண்களில் என் கை படாதவர்கள் குறைவு. கையென்றால் வெறுங்கை அல்ல. நான் ஆயா வேலை பார்த்த பங்களாவின் துரைசானி, வெள்ளைக்காரன் போனதும் சீமைக்குக் கப்பலேறினாள். போகும்போது தன் மர உருளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் எட்டு மரச் சக்கரம். மலைப்பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தடவி அதை மேலும் கீழும் உருட்டினால், நாலு நாள் எழுந்திருக்காதவளும் எழுந்து அடுப்புப் பற்றவைப்பாள். பஜாரில் எனக்குச் சப்பாத்திக்கட்டை சர்புன்னிசா என்றே பேர். சொல்லிவிட்டுப் போகட்டும், வலி வந்தால் என் வாசலுக்குத்தானே வரவேண்டும் என்று சிரித்துக்கொள்வேன்.

அடுத்த வீட்டு அமீருன்னிசா அக்காவின் மகள் ஆசியா, ஐம்பத்தெட்டாம் வருஷம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். புருஷன் யாகூப்புக்குப் பழனி அடிவாரத்தில் பாத்திரக்கடை. சுகப்பிரசவம், ஆண் பிள்ளை. பெற்றவளை நாற்பது நாள் அசையவிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம்; அதிலும் மலைக்குளிர். கம்பளியும் கணப்புச் சட்டியுமாக அவளைப் படுக்கவே வைத்திருந்தோம். பன்னிரண்டாம் நாள் அவளுடைய இடது கெண்டைக்கால் வீங்கிக் கல்லாக இருந்தது. தொட்டால் சுட்டது. வலது காலில் ஒன்றுமில்லை.

பிள்ளையைப் பார்க்க வந்திருந்த யாகூப் பயந்துவிட்டான். "டாக்டரம்மாகிட்ட காட்டிருவோம். நான் போயி வாடகைக் கார் கூட்டிட்டு வாரேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் ஒருத்தி குத்துக்கல் மாதிரி நிற்கும்போது டாக்டரா?

"என்னய்யா யாகூப்பு, பச்ச ஒடம்புக்காரிய இந்தக் குளிர்ல வெளிய கொண்டு போவியாக்கும்? வாயு எறங்கிக் கெடக்கு. மூணு நாள் உருட்டுனா கரைஞ்சு போயிரும். நீ ஒஞ்சோலியப் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். யாகூப்பும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் பழனிக்குப் போய்விட்டான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயால் அந்தப் பெண்பிள்ளை பிழைக்காமல் போனது.

மூன்று நாள் உருட்டினேன். கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் நன்றாக அழுத்தி. ஆசியா பல்லைக் கடித்தாள், பிறகு அழுதாள். "இன்னைக்கு மட்டும் விட்டுருங்க மாமி" என்று கெஞ்சினாள். வலித்தால்தான் கரைகிறது என்று அர்த்தம் என்றேன். மூன்றாம் நாள் காலையில் உருட்டி முடித்து நான் எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குப் பால் கொடுக்க நிமிர்ந்து உட்கார்ந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, மூச்சு..." என்றாள். ஈரக்கையோடு நான் ஓடி வருவதற்குள் மவுத்தாகிவிட்டாள். பத்தொன்பது வயசு.

கண்ணேறு என்றார்கள், அல்லாவின் நாட்டம் என்றார்கள். அமீருன்னிசா அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கடைசி வரைக்கும் எம்புள்ளைக்காகப் பாடுபட்டியே" என்று அழுதாள். நானும் அழுதேன். என் மேல் பிழை இருக்கும் என்று எனக்குத் துளியும் தோன்றவில்லை. யாகூப் வேறு கல்யாணம் செய்துகொண்டான்; பிள்ளை அக்காவிடமே வளர்ந்தான்.

மறு வருஷச் சீசனுக்கு மதுரையிலிருந்து சுந்தராம்பாள் என்று ஒரு டாக்டரம்மா வந்து தங்கியிருந்தார். அவருக்கு முதுகு உருட்டப் போனேன். நான் என் பெருமையை அளந்துகொண்டே உருட்ட, அவர் குப்புறப் படுத்தபடியே சொன்னார்.

"நல்ல கைம்மா ஒங்களுக்கு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பிள்ள பெத்தவளுக்கு ஒத்தக் கால் மட்டும் வீங்கிச் சூடா இருந்தா, அதுல இந்தக் கட்டைய வைக்கவே கூடாது. உள்ள ரத்தம் உறைஞ்சு கெடக்கும். உருட்டினா அது பெயர்ந்து நெஞ்சுக்குப் போயிரும். அப்புறம் காப்பாத்த முடியாது."

என் கை நின்றுவிட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. எண்ணெ வழுக்கிருச்சு."

மிச்ச முதுகையும் உருட்டிவிட்டுத்தான் வந்தேன். எப்படி உருட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளை விட்டால் இந்த ஊரில் எனக்கென்று யாரும் இல்லை. அவள் கொடுத்த சோற்றைத் தின்றேன், அவள் பேரனை இடுப்பில் சுமந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் செத்துவிடலாம் போலிருக்கும்.

அறுபதாம் வருஷம், அக்காவின் மகன் ஒலியுல்லாவின் மனைவிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஒன்பதாம் நாள் வெள்ளனே அக்கா என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"சர்புன்னு, வெரசா கட்டைய எடுத்துக்கிட்டு வா. மருமகளுக்குக் காலு வீங்கிக் கெடக்கு. ஒத்தக் காலுதான்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கக்கா. நான் உருட்டல."

"எம்மகளுக்குச் செஞ்சவ மருமகளுக்குச் செய்ய மாட்டியா? நாளைக்கு ஊரு என்னயத்தானடி பேசும்?"

"வேணாங்க்கா."

"நீ வராட்டிப் போ. எனக்கு உருட்டத் தெரியாதாக்கும்!" என்று மாடத்திலிருந்த உருளையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டாள்.

"வைக்காதீங்கக்கா!" என்று கத்தினேன். "நான் உருட்டித்தான் ஆசியா போனா."

டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா படியில் நின்றபடியே கேட்டாள். உருளையைக் கீழே போட்டுவிட்டு, "ஏலே ஒலியுல்லா, காரப் பிடிடா!" என்று கூவிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, காலை அசைக்காமல் மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். மருமகள் பிழைத்துக்கொண்டாள்.

அவர்கள் வீடு திரும்பிய அன்று நானே போனேன். திட்டட்டும், செருப்பைக் கழற்றி அடிக்கட்டும் என்றுதான் போனேன். அக்கா அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடிக்கப் போனேன். வெடுக்கென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒன்னய ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ தெரியாமச் செஞ்ச" என்றாள். "ஆனா 'விடச் சொல்லும்மா'ன்னு அவ கத்துனப்ப, ஒதறாம இருக்கட்டும்னு காலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தது நான்தான சர்புன்னு. அல்லா எடுத்துக்கிட்டான்னு சொல்லிச் சொல்லி ரெண்டு வருஷமா மனசத் தேத்தி வச்சிருந்தேன். இனி எதச் சொல்லித் தேத்துவேன்?"