பத்து கெஜம் தள்ளி

ஏழாவது ஆள் வந்து மோதியபோதுதான் டோசியரின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. தலைக்கவசத்தின் முகக்கம்பிக்குப் பின்னால் அது உதட்டில் இறங்கி, கடித்துக்கொண்டிருந்த பல்லுறையை நனைத்துத் தாடையில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை. துடைக்கக் கையைத் தூக்கினால் விலா மறைப்பில்லாமல் போகும். எட்டாவது ஆள் அதற்குத்தானே காத்திருக்கிறான்.

நாற்பது பேர் வட்டமாக நின்றார்கள். நடுவில் டோசியர். பயிற்சியாளர் ஹார்கின்ஸ் ஓர் எண்ணைக் கூவுவார். சட்டையில் அந்த எண் உள்ளவன் தலைகுனிந்து ஓடிவந்து மோத வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்று கண்டுபிடித்துத் திரும்பித் தாங்குவது நடுவில் நிற்பவன் பாடு. விழுந்தால் எழுந்து நிற்க வேண்டும், அவர் போதும் என்கிறவரை. அமெரிக்கக் கால்பந்து ஆடும் மற்ற கல்லூரிகளில் இந்த வட்டத்தை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இங்கேயும் வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு முறைதான். அன்று காலை மைதானத்தின் வேலிக்கதவைப் பூட்டியிருந்தார்கள். பயிற்சியைப் படம் பிடிக்கும் ஆளையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

"பதினேழு!"

இரண்டு லாரிக் கதவுகளை ஒன்றாகச் சாத்தியதுபோல் சத்தம். டோசியர் மல்லாந்து விழுந்தான். டென்னஸியில் ஏப்ரல் மாதக் காலைக் குளிர் இன்னும் போகவில்லை. அவன் வாயிலிருந்து வந்த மூச்சு புகையாக எழுந்தது.

"எந்திரிங்க தலைவரே, எந்திரிங்க!" ஹார்கின்ஸ் கைதட்டினார். "மணி ஏழுகூட ஆகலையே, அதுக்குள்ள ஓய்வா? ஓவர்டைம் வேணுமா? கேளுங்க, தர்றேன். முப்பத்தாறு!"

வட்டத்தில் பலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் போன வாரம், ஆட்டக்காரர்களுக்குத் தொழிற்சங்கம் தொடங்கப் பார்க்கும் டோசியரிடம், சங்க அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். முப்பத்தாறாம் எண்காரனும் கொடுத்திருந்தான். அதனாலோ என்னவோ மற்றவர்களைவிட வேகமாக ஓடிவந்தான்.

எமெட் விட்லோ வட்டத்தின் தென்பக்கம் நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டையில் நாற்பத்து நாலு என்று எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. நேர் எதிரே நின்ற ப்ராக்கின் எண்ணும் நாற்பத்து நாலுதான். நூறு பேருக்கு மேல் இருக்கும் அணியில் எண்கள் போதாது. அதனால் உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு ஆட வந்தவர்களுக்கு வேறொருவனின் எண்ணையே கொடுத்துவிடுவார்கள். அப்படி வந்தவர்களுக்கு அணியில் 'ஓசி' என்று பெயர். நாற்பத்து நாலு என்று யார் கூவினாலும் ப்ராக்தான் திரும்புவான். எமெட் மூன்று வருஷமாகத் திரும்பியதில்லை.

ஓசிகளுக்கு அணியின் சாப்பாட்டு மேஜையிலும் இடம் கிடையாது. டோசியர் தினமும் எமெட்டுக்காக இரண்டு துண்டு பொரித்த கோழியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவான். எண்ணெய் ஊறிய அந்தச் சட்டையோடுதான் வகுப்புக்கும் போவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் எமெட் கையை நீட்டினான்.

"எனக்கும் ஒரு அட்டை குடு. நானும் கையெழுத்துப் போடுறேன்."

"நீ போட்டா செல்லாதுடா."

"ஏன், என் கையெழுத்து அவ்வளவு கேவலமா?"

"சங்கத்து வக்கீல் சொல்றதக் கேளு. எங்களுக்குப் படிப்பு, சாப்பாடு, அறை எல்லாம் குடுக்கிறாங்கல்ல? அதுதான் எங்க கூலின்னு தொழிலாளர் வாரியத்துக்கிட்ட சொல்லப் போறாரு. கூலி வாங்குறவன்தான் தொழிலாளி. நீ என்ன வாங்குற?"

"உன்கிட்ட கோழி வாங்குறேன்."

"அப்ப நீ எனக்குத்தான் தொழிலாளி. போ, என் ஷூவத் துடைச்சு வை."

இருவரும் சிரித்தார்கள். பிறகு டோசியர் எலும்பைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே சொன்னான். "நம்ம துணியெல்லாம் துவைக்கிறாங்களே வெர்னா, அவங்க விரல் மிஷின்ல மாட்டிச்சு. ஆறு மாசம் வீட்ல உக்கார வச்சு சம்பளம் குடுத்தாங்க. ஏன்? அவங்க வேலைக்காரங்க. நம்மகூட ஆடுன ஹோல்டனுக்கு முட்டியே போச்சு. என்ன குடுத்தாங்க? ஒரு ஊன்றுகோல். அதையும் வருஷக் கடைசியில திருப்பிக் கேட்டாங்க. ஏன்? அவன் மாணவனாம். ஏன்டா, மாணவன் முட்டி என்ன மரத்துலயா செஞ்சிருக்கு?"

ராத்திரி ஒரு மணிவரை கிடங்கில் பெட்டி ஏற்றிவிட்டு, மூன்று மணி நேரம் தூங்கி, விடிவதற்குள் மைதானத்துக்கு வருகிறவன் எமெட். கடன் அவன் அம்மாவின் பெயரில். அடுத்த பருவத்துக்குக் கட்ட அவளிடம் இனி அடகு வைக்க ஒன்றும் இல்லை. உதவித்தொகை கிடைக்காவிட்டால் மே மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வட்டம் நடந்த அன்று விடிகாலையில், பயிற்சிக்கு முன்பு, ஹார்கின்ஸ் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"உக்காரு மகனே. ராத்திரி வேலைக்குப் போறியாமே?"

"ஆமா கோச்."

"ஒரு உதவித்தொகை காலியா இருக்கு. யாருக்குன்னு நான் இன்னும் முடிவு பண்ணல. இன்னைக்கு வட்டம் வச்சிருக்கேன். யாருக்கு இந்த அணி மேல பசி இருக்குன்னு பாக்கணும்."

எமெட் தலையாட்டினான்.

"உன் எண்ணைக் கூப்பிட்டா, அது எனக்கா அவனுக்கான்னு நின்னு யோசிக்காத. யோசிக்கிறவன் கடைசிவரைக்கும் ஓசியாவேதான் இருப்பான்."

நடுவில் யார் நிற்கப்போகிறான் என்று அவர் சொல்லவில்லை. எமெட்டும் கேட்கவில்லை. கேட்காததுதான் குற்றம் என்று பிறகு அவனுக்குத் தோன்றியது. தெரிந்திருந்ததால்தானே கேட்கவில்லை.

பன்னிரண்டாவது மோதலுக்குப் பிறகு டோசியர் எழுந்திருக்க நேரமாயிற்று. முதலில் ஒரு முழங்கால், பிறகு கை, பிறகு இன்னொரு முழங்கால். இடது கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. நின்றபோது லேசாகத் தள்ளாடினான். அந்தத் தள்ளாட்டத்திலும் ஹார்கின்ஸைப் பார்த்து, பல்லுறையை நாக்கால் தள்ளிவிட்டு, "இன்னும் ரெண்டு பேர் இருந்தா அனுப்புங்க கோச், குளிருது" என்றான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஹார்கின்ஸின் முகம் சிவந்தது. "நாப்பத்து நாலு!"

டோசியர் ப்ராக்கை நோக்கித் திரும்பினான். அந்த எண்ணுக்கு அந்த அணியில் யாராக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் திரும்புவார்கள். ப்ராக்கும் ஓரடி முன்னால் வைத்தான். எமெட்டுக்குத் தெரிந்தது டோசியரின் முதுகு மட்டும். புல்லும் சேறும் ஒட்டிய அகலமான முதுகு. அரை நொடி இருந்தது. அந்த ஆட்டத்தில் அரை நொடி என்பது நிறைய நேரம். நின்றிருக்கலாம். "பின்னாடி!" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். எமெட் ஓடினான். ஆறு வயதிலிருந்து எல்லாப் பயிற்சியாளர்களும் செய்யாதே, செய்யாதே என்று சொல்லிக்கொடுத்ததைச் செய்தான்: தலையைத் தாழ்த்தி, கவசத்தின் உச்சியால், டோசியரின் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் முழு உடம்பையும் கொண்டுபோய் இறக்கினான். ஈரக்கிளை ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. தன் கழுத்தா அவன் கழுத்தா என்று ஒரு கணம் அவனுக்குத் தெரியவில்லை.

டோசியர் கைகளை முன்னால் ஊன்றாமலே விழுந்தான். முகம் மண்ணில் மோதிச் சறுக்கியது.

"பாத்தீங்களாடா!" ஹார்கின்ஸ் விசிலை ஊதிக்கொண்டே வட்டத்துக்குள் ஓடிவந்தார். "இதுதான்டா பசி! இன்னையிலேருந்து இவன் ஓசி இல்ல. முழு உதவித்தொகை! எமெட் விட்லோ!"

ஓசிக்கு உதவித்தொகை கிடைத்தால் மொத்த அணியும் அவன் மேல் விழுந்து குத்துவது அங்கே வழக்கம். விழுந்தார்கள். கவசத்தில் குத்தினார்கள், முதுகில் அறைந்தார்கள், கீழே தள்ளி மேலே மேலே குவிந்தார்கள். மூச்சு முட்டியது. எமெட் சிரித்தான். சிரித்ததை அவன் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. அந்தக் குவியலின் அடியில், யாருடைய தொடைக்கோ கீழே கன்னம் நசுங்கிக் கிடந்தபடி பார்த்தபோது, இரண்டு முழத் தொலைவில் டோசியரின் வலது கை தெரிந்தது. மேலே குவிய ஓடிவந்த ஒருவனின் ஆணி வைத்த ஷூ அந்த விரல்களை மிதித்துக்கொண்டு போனது. விரல்கள் மடங்கவில்லை.

எமெட் அடியிலிருந்து கத்தினான். கொண்டாட்டம் என்று நினைத்து இன்னும் குத்தினார்கள். ஒருவனின் முகக்கம்பியைப் பிடித்துத் திருகி, இன்னொருவனின் வயிற்றில் முழங்கையால் இடித்து, வெளியே தவழ்ந்து வந்தான்.

டோசியரின் முகம் ஒருக்களித்திருந்தது. ஒரு கண் திறந்திருந்தது. "யாருடா அடிச்சது? ப்ராக் எதிர்லல்ல நின்னான்?"

"நான்தான்."

கண் அவனையே பார்த்தது. "என் கை எங்கடா இருக்கு?"

"இங்கதான். உன் பக்கத்துலதான் இருக்கு."

"கைய எடுத்து என் மூஞ்சிக்கிட்ட வை. பாக்கணும்."

"அசைக்காத! யாரும் அவனைத் தொடாதீங்க!" மருத்துவ உதவியாளர் டீனா முழங்காலில் சறுக்கி வந்து விழுந்து, டோசியரின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "ஆம்புலன்ஸ்! யாராவது போய் அந்தக் கதவைத் திறங்க!"

டோசியரின் வாயில் ரத்தம் நுரைத்தது. "உதவித்தொகை குடுத்துட்டாரா?"

"ம்."

"அப்ப இனிமே உன் கையெழுத்து செல்லும்டா." சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. டீனா, "பேசாத, பேசாத" என்று அழுகிற குரலில் அதட்டினாள்.

ஹார்கின்ஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "சரி. பத்து கெஜம் தள்ளிப் போங்க" என்றார்.

அங்கே நடைமுறை அதுதான். ஒருவன் விழுந்து கிடந்தால் பயிற்சி நிற்காது. பத்து கெஜம் தள்ளிப்போய் அங்கே தொடரும். நேரமும் வீணாகாது, மற்றவர்கள் பார்த்து மனம் தளரவும் மாட்டார்கள். ஹோல்டன் விழுந்தபோதும் தள்ளிப் போனார்கள். எமெட்டும் போனான், டோசியரும் போனான். ஹோல்டன் பின்னாலிருந்து அலறிக்கொண்டிருந்ததைக் கேட்டபடியே அன்று இருபது நிமிஷம் ஆடினார்கள்.

இப்போதும் கால்கள் நகர்ந்தன. யாரும் கீழே பார்க்கவில்லை. எமெட் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எமெட்! உன்னையும் சேத்துத்தான் சொன்னேன்."

"நான் வரல கோச்."

ஹார்கின்ஸ் திரும்பி வந்தார். குனிந்து, அவன் முகக்கம்பியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். காப்பி வாடை அடித்தது. "நான் இன்னும் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடல. ஞாபகம் வச்சுக்க."

"இத்தன பேருக்கு முன்னாடி சொல்லிட்டீங்களே, கோச்."

அவர் கை இறுகியது. கம்பியோடு சேர்த்து அவன் தலையை மண்ணில் அழுத்தி ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனார். எமெட்டின் வாய்க்குள் மண்ணும் ரத்தமும் கரித்தன. துப்பிவிட்டு மறுபடி டோசியரின் பக்கத்தில் வந்து படுத்தான், அவன் கண்ணுக்கு நேராக.

"என்னடா நடக்குது? எனக்கு ஒண்ணும் தெரியல" என்றான் டோசியர்.

"வட்டம் போட்டாச்சு."

"நடுவுல யாரு?"

"மெர்சர்."

மெர்சரும் அட்டை கொடுத்தவன். டோசியர் கண்ணை மூடித் திறந்தான். பத்து கெஜத்துக்கு அப்பால் ஹார்கின்ஸ் விசிலைக் கடித்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி நடந்தார். நாற்பது முதுகுகள். ஒன்றிரண்டு தலைகள் இந்தப் பக்கம் திரும்பி, திரும்பிய வேகத்திலேயே அந்தப் பக்கம் போயின.

"முப்பத்தொண்ணு!"

யாரும் மோதுகிற சத்தம் கேட்கவில்லை.

"முப்பத்தொண்ணு! காது செவிடா?"

"ஓடுறானா?" டோசியரின் உதடு மட்டும் அசைந்தது. "டேய், சொல்லுடா. ஓடுறானா?"

எமெட் கழுத்தை உயர்த்திப் பார்த்தான். முப்பத்தொன்றாம் எண்காரன் ஒரு கையைப் புல்லில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, ஓடுவதற்கான நிலையில் குனிந்தபடியே இருந்தான், கால் இன்னும் கிளம்பவில்லை. அவன் முகக்கம்பிக்குள்ளிருந்து மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது, நின்றது, மறுபடி வந்தது.