மாமனாரின் பன்னிரண்டு கிலோ பை

என் மாமனார் முப்பது வருடம் லாரி எடைமேடையில் கணக்கராக இருந்தவர். மனிதன் பொய் சொல்வான், தராசு சொல்லாது என்பது அவர் கட்சி. வெள்ள எச்சரிக்கை வந்ததும் வீட்டுக்கு ஓர் ஆபத்துக்காலப் பை தயார் செய்தார். பிஸ்கட், தண்ணீர், டார்ச், பேட்டரி, மெழுகுவர்த்தி, அப்புறம் மாமியாருக்கென்று அரைக் கிலோ குளுக்கோஸ். மாமியார் இன்சுலின் போடுகிறவர். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். உடனே இனிப்பு கொடுக்காவிட்டால் நினைவு தப்பிவிடும்.

ஞாயிறுதோறும் மாமனார் கொக்கித் தராசில் பையைத் தொங்கவிடுவார்.

"பன்னெண்டு கிலோ. ஒரு கிராம் கொறையல."

அவர் திறந்து பார்த்து நாங்கள் கண்டதே இல்லை. எடை சரியாக இருந்தால் உள்ளே எல்லாம் சரி என்பது அவர் கணக்கு.

எங்களுக்கு அது ரொம்ப வசதி. சுவர்க் கடிகாரம் நின்ற அன்று நான் பையிலிருந்த பேட்டரிகளை உருவிக்கொண்டு, எடைக்கு ஈடாக ஒரு பழைய பூட்டை உள்ளே வைத்தேன். பூட்டு கொஞ்சம் கனமாக இருந்ததால், நியாயம் பார்த்து, இரண்டு மெழுகுவர்த்திகளையும் எடுத்துக்கொண்டேன்.

ஆடி அசைந்து வந்தாலும் வெள்ளம் வந்தே விட்டது. ஒரு காலையில் சமையலறைக்குள் தண்ணீர். மேல்வீட்டுத் தையல்காரம்மா எங்களைப் பையோடு மேலே கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார்ந்த கையோடு மாமனார் அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட பை இல்லையாம்மா? பொறுப்பு வேணாமா?"

அந்த அம்மா பாவம், தலையை ஆட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது.

நண்பகலில் மாமியாருக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு குழறியது.

"பையத் திறங்க," என்றேன். வேறு வழியில்லை.

மாமனார் ஜிப்பை இழுத்தார். பிஸ்கட் டப்பாவுக்குள் அரைச் செங்கல். என் கணவர் மேலே சுற்றாத மின்விசிறியை ஆராய்ந்தார். டார்ச் இருந்த இடத்தில் என் நாத்தனார் கல்லூரியில் படித்த ஒரு தடிப் புத்தகம். பூட்டும் வெளியே வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நல்லவேளை, குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. தண்ணீரில் கரைத்து மாமியாரின் வாயில் வைத்தேன். ஒரு வாய் குடித்தவர் முகம் சுளித்துத் துப்பினார்.

"உப்பு."

தையல்காரம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. சமையலறைக்கு ஓடிச் சர்க்கரை டப்பாவோடு வந்தார். கரைத்து, மெல்ல மெல்லப் புகட்டினார். கால் மணி நேரத்தில் மாமியாரின் கண் தெளிந்தது. அதுவரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்கே தெரியாது.

"உப்ப யாரு போட்டது?" என்று கணவர் குரலை உயர்த்தினார். செங்கல் வைத்தவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே.

மாமனார் தொண்டையைச் செருமினார். "டாக்டர் எனக்கும் சக்கரைய நிறுத்திட்டாரு. டீ வாயில வைக்க முடியல. அந்த குளுக்கோஸ்ல தெனம் ஒரு ஸ்பூன்தான்..."

வேலியே பயிரை மேய்ந்திருந்தது. தையல்காரம்மா நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமியார் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். குரலில் கோபம் இல்லை.

"தின்னது தின்னீங்க. பசிச்சா யாரும் திம்பாங்க. அரைக் கிலோ உப்ப ஒக்காந்து அளந்து போட்டீங்களே, அப்பக்கூடவா என் ஞாபகம் வரல?"

மாமனாரும் மேலே மின்விசிறியை ஆராய்ந்தார். நாங்களும்தான்.