ஆயுத பூஜை அன்று நடந்த ஆய்வு

டெனிசன் அந்தக் கடிதத்தை அனுப்பியது சதியால் அல்ல, பழக்கத்தால். சதி செய்யக் கொஞ்சம் மூளை வேண்டும். தபால் பிரிவில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவனிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரகடத்தில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அவனுடைய தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு யார்மீது புகார் வந்தாலும், அதை அந்த ஆளுக்கே அனுப்பி ‘விளக்கம் அளிக்கவும்’ என்று கேட்பதுதான் வழக்கம். கோழி காணாமல் போனால் நரியிடம் அறிக்கை கேட்கிற ஏற்பாடு. நரியும் கெடு தவறாமல் தந்துவிடும்.

அப்படித்தான் திங்கட்கிழமை காலை, ஒரு கையில் டீயும் மறு கையில் முத்திரையுமாக, ஆய்வாளர் பாண்டுரங்கன் மீது வந்த புகாரை அவன் பாண்டுரங்கன் மேசைக்கே அனுப்பினான். எழுதிய பெண்ணின் பெயர், போன் நம்பர், பென்னலூர் முகவரி எல்லாம் அதில் பளிச்சென்று இருந்தன. டீ தீர்ந்து நிமிர்ந்தபோதுதான் எதிர்ச்சுவரில் சுற்றறிக்கை கண்ணில் பட்டது. ‘ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்பு – புதிய விதிகள். புகார்தாரர் பெயரை மறைத்து, தனி உறையிலிட்டு, சென்னைத் தலைமை அலுவலகச் சட்டப் பிரிவுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும்.’

இரண்டு மாதத்துக்கு முன் அதைப் பசை தடவி ஒட்டியவன் அவனேதான். கோணாமல் ஒட்டியதற்குத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் நினைவிருந்தது. ஒட்டுகிறவன் படிக்கவும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஓடினான். பாண்டுரங்கன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், அது தப்பா வந்துடுச்சு. குடுத்துடுங்க சார்.”

“கரெக்டாத்தான்யா வந்துகீது. என் பேருதானே போட்டுகீது?” கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்.

திரும்பி வந்த பிறகுதான் டெனிசன் தன் கணினியிலிருந்த நகலைப் படித்தான். எழுதியவள் ஷாலின், வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் லைனில் வேலை பார்ப்பவள். கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய சென்சார் அங்கே மாதக்கணக்காகச் செத்துக் கிடந்தது; பக்கத்தில் நின்ற செல்லம்மாளுக்கு இரண்டு விரல் போனது. பாண்டுரங்கன் கொடுத்த சான்றிதழோ, ‘பிரஸ் இயக்கிப் பார்க்கப்பட்டது, சென்சார் சரியாக உள்ளது’ என்றது. ஆய்வு நடந்த தேதி, ஆயுத பூஜை.

அன்று அந்த பிரஸ் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சும்மா நின்றது. அதன் பக்கத்தில் பொரிப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்ட படத்தையும் ஷாலின் இணைத்திருந்தாள். கத்தரிக்கோலைக் கூட யாரும் தொடாத நாளில் நாற்பது டன் பிரஸ்ஸை ஓட்டிப் பார்த்த ஒரே மனிதர் பாண்டுரங்கன். அரசு விடுமுறையிலும் இப்படி உழைக்கிறவரை ஊழல்வாதி என்று சொல்ல மனம் வருமா!

டெனிசன் கண்காணிப்பாளர் ராஜாமணியிடம் போய் நின்றான்.

“மேடம், அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆவுமா?”

“அதான் விதி இருக்கே, டெனிசன்.”

“விதி கீது மேடம். அந்தப் பொண்ணுக்கு வேலை இருக்குமா?”

“விதிப்படி எதுவும் ஆகக் கூடாது.”

“ஆச்சுன்னா?”

“ஆகக் கூடாதுன்னுதானே விதியே போட்டிருக்காங்க?”

சொல்லிவிட்டு ராஜாமணி அடுத்த வாரக் கூட்டத்துக்கான பேனரைச் சரிபார்க்கத் தொடங்கினார். ‘புகார் தாரீர், பாதுகாப்பு பெறுவீர்.’ கீழே, இந்த அலுவலகத்தின் புகார்தாரர் பாதுகாப்பு அலுவலர் கைகூப்பி நின்றார். பாண்டுரங்கன்தான். படத்திலும் அதே பல்.

புதன்கிழமை காலை ஷாலினின் கார்டுக்குத் தொழிற்சாலை கேட் திறக்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து நேரே அலுவலகத்துக்கு வந்தாள், யூனிஃபார்மும் டிபன் பாக்ஸுமாக.

“கார்டு தேச்சா செகப்பு லைட்டு எரியுது. ‘லைன்ல ஆள் ஜாஸ்தி, நீ வேணாம்’ன்றான் செக்யூரிட்டி. போன வாரம் வரைக்கும் ஓவர்டைம் பாரு ஓவர்டைம் பாருன்னு கெஞ்சிக்கினு இருந்தானுங்க. என் பேரை யாருண்ணே குடுத்தது?”

அலுவலகத் தமிழ் அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. “அது வந்தும்மா, நிர்வாக நடைமுறையில...”

“யாருன்னு கேட்டேன்.”

“நான்தாம்மா.”

“அந்தாளு இன்னா குடுத்தாரு?”

“ஒண்ணுமில்லம்மா. டீ குடிச்சிக்கினே... கவனிக்காம அனுப்பிட்டேன்.”

ஷாலின் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “அந்தாளுக்காவது ஒரு ரேட்டு கீது. நீ ஓசியில பண்ணிக்கீறியே அண்ணே!”

அறைந்திருந்தால் தேவலை. அவள் இறங்கிப் போன பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, தான் ஒட்டிய காகிதத்தை டெனிசன் கடைசி வரி வரை படித்தான். கடைசி விதி இதுதான்: புகார்தாரர் பெயர் வெளியானது எழுத்து மூலம் உறுதியானால், வெளியான நாள் முதல் அவர்மீது எடுத்த நடவடிக்கை எதுவும் செல்லாது. பெயரைக் கசியவிட்டவனே வந்து எழுதிக் கொடுப்பான் என்று சட்டம் செய்தவர்கள் நம்பியிருக்கிறார்கள். மனித குலத்தின் மேல் எத்தனை மரியாதை! இந்த மாடிப்படியை ஒரு தடவை ஏறி இறங்கியிருந்தால் தெளிந்திருக்கும்.

“நான் எழுதிக் குடுத்தா அதுக்கு வேலை திரும்பக் கெடைக்குமா மேடம்?” என்று ராஜாமணியிடம் கேட்டான். “கூட்டம் முடியட்டும்” என்றார். பாண்டுரங்கனிடமும் கேட்டான், பாதுகாப்பு அலுவலர் அவர்தானே. “டெனிசா, உனக்கு பி.பி. செக் பண்ணி எவ்ளோ நாளாச்சு?” என்று அக்கறையாக விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எழுதிவிட்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறி, டெனிசன் தலைமை அலுவலகச் சட்டப் பிரிவுக்குப் போனான். பையில் ஒரே ஒரு பக்கம்: ‘புகார்தாரர் ஷாலினின் பெயரை ஆய்வாளர் பாண்டுரங்கனுக்குத் தெரியப்படுத்தியவன் நானே. வேறு யாரும் காரணமில்லை. டீயும் காரணமில்லை.’ கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அடித்து, மூன்றாம் முறை அப்படியே விட்டிருந்தான்.

சட்ட அலுவலர் தென்றல், முப்பது வயதுக்காரி, படித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். “முத்திரை குத்திட்டா திரும்ப வாங்க முடியாது சார். ஏதாவது கேக்கணுமா?”

“குத்துங்கம்மா. அப்புறம் கேக்குறேன்.”

முன்னால் கேட்டால் பதிலைக் கேட்டதும் ஓடிவிடுவான் என்று டெனிசனுக்கு டெனிசனைத் தெரியும். முத்திரை விழுந்தது. பத்தொன்பது வருடம் குத்தியவனுக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்டது.

“இப்ப சொல்லுங்கம்மா. இன்னா ஆவும்?”

“அந்தப் பொண்ணு திங்கட்கிழமை லைன்ல நிப்பாங்க, இன்னிக்கே ஆர்டர் போடறேன். நீங்க சஸ்பெண்ட். பாண்டுரங்கனுக்கு, விளக்கம் கேட்டு ஒரு லெட்டர் போகும்.”