சிவப்பு மெழுகு

ஈஸ்டர் வாரத்தில் நார்வேயில் பாதிப் பேர் மலைவீட்டில் இருப்பார்கள். மீதிப் பேர் மலைவீட்டுக்குப் போகும் சாலையில் கார் வரிசையில் நிற்பார்கள். அந்த வருடம் நாங்கள் வரிசையில் நின்றோம். என் தம்பி ஹோக்கன் வண்டி ஓட்டினான், பக்கத்தில் நான். பின்னால் அவனுடைய எட்டு வயது மகள் சிக்னே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா இந்நேரம் ஸ்பெயின்ல நீச்சல் குளத்துல இருப்பா" என்றாள்.

"மலையில என்ன குறைச்சல்?" என்றான் ஹோக்கன்.

"குளிருது. டிவி இல்ல. கக்கூஸ் வெளிய இருக்கு."

மூன்றும் உண்மை.

"அடுத்த தடவை நான் அம்மாகூடவே போறேம்பா."

ஹோக்கனும் சிக்னேயின் அம்மா மாரித்தும் பிரிந்த பிறகு, ஈஸ்டர் ஒரு வருடம் அவளுக்கு, ஒரு வருடம் இவனுக்கு என்று முறை வைத்திருந்தார்கள். வரமாட்டேன் என்று அழுகிற பிள்ளையை இழுத்து வருகிற ஆள் இல்லை ஹோக்கன். இந்த வாரத்தைக் கோட்டைவிட்டால் இனி அவன் முறை என்று ஒன்று இருக்காது. அது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அதனால் போய் இறங்கிய நாளிலிருந்து மனிதன் உட்காரவே இல்லை. பனியில் குகை தோண்டினான். நெருப்பு மூட்டி, குச்சியில் சாசேஜ் குத்திச் சுட்டுக் கொடுத்தான். சாயங்காலம் பகடை ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றான். அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை, குழந்தை கண்டுபிடித்துவிட்டது.

காரில் பனியில் சறுக்கிப் போக ஒரு ஜோடி புதுச் சறுக்குக்கட்டை வந்திருந்தது. மாரித் வாங்கிக் கொடுத்து அனுப்பியது. வழுக்காமல் பிடிக்க அடியில் ரோமப்பட்டை ஒட்டியது, மற்றக் கட்டைபோல அன்றன்றைய பனிக்கு ஏற்ற மெழுகு தேய்க்கவே வேண்டாம், காலில் மாட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். ஹோக்கன் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

"சோம்பேறிங்களுக்குன்னு பண்ணது. என் பொண்ணு மெழுகு போட்ட கட்டையிலதான் போவா."

"போகப்போறது உன் பொண்ணு. நீ இல்ல" என்றேன்.

"அக்கா, நீ சும்மா இரு."

சரி என்று சும்மா இருந்தேன். அவ்வளவு சுலபமாக நான் சும்மா இருப்பதில்லை.

சனிக்கிழமை பிள்ளைகளின் சறுக்குப் பந்தயம். மார்பில் எண் கட்டிக்கொண்டு காட்டைச் சுற்றி வரவேண்டும். நேரம் பார்க்க மாட்டார்கள், முதல், கடைசி என்று கிடையாது, எல்லாருக்கும் ஒரே பரிசு. ஒரே ஒரு சட்டம்தான்: பெரியவர்கள் கயிற்றைத் தாண்டக்கூடாது. வெளியே நின்று "ஹெய்யா! ஹெய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தலாம்.

இரவில் புதுப் பனி விழுந்திருந்தது. காலையில் ஹோக்கன் வாசலுக்குப் போய் வெப்பமானியைப் பார்த்தான். எங்கள் அப்பா அதை வெயில் படும் சுவரில் அடித்து வைத்திருந்தார், ஈஸ்டருக்காவது கொஞ்சம் சூடாகத் தெரியட்டும் என்று. அது பொய் சொல்லும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து அதைச் சொல்லிச் சிரித்தவன்தான் ஹோக்கன். அன்றைக்குப் பதற்றத்தில் நம்பிவிட்டான். ஈரப்பனிக்குப் போடுகிற பிசுபிசுப்பான சிவப்பு மெழுகை எடுத்து மகளுடைய பழைய கட்டையிலும் தன்னுடைய கட்டையிலும் ஆசை தீரத் தேய்த்தான்.

காட்டு நிழலில் பனி மாவாக உலர்ந்து கிடந்தது. சிவப்பு மெழுகில் அது ஒட்டினால் விடாது. சிக்னே நாலு எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஒரு ரொட்டி அளவு பனி. சின்னஞ்சிறுசுகள் எல்லாம் அவளைத் தாண்டிப் போயின. அவள் காலை உதறினாள், விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள்.

"ஹெய்யா சிக்னே!" என்று ஊரே கத்தியது. அது இன்னும் மோசம்.

அவள் கட்டைகளைக் கழற்றினாள். ஒன்றை மண்வெட்டியாக்கிப் பாதை ஓரத்தில் பள்ளம் தோண்டினாள். ஈஸ்டருக்கு மலையில் எல்லாரும் வெயில் காய்வதுபோல, மரங்களுக்கு நடுவே வெயில் விழுந்த பக்கமாகத் திரும்பி அதில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

ஒலிபெருக்கியில் பக்கத்து வீட்டுக்காரர், "பதினேழாம் நம்பர் வீராங்கனை ஓய்வு எடுக்கிறார்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஹோக்கன் சிரிக்கவில்லை. குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்து போனான்.

"ஏய், பெரியவங்க போகக்கூடாது!" என்று யாரோ கத்தினார்கள்.

"அவன் ஒண்ணும் பெரியவன் இல்ல" என்றேன்.

நான் நின்ற இடத்துக்கு அவர்கள் பேச்சு கேட்டது.

"கோவமாம்மா?"

"அம்மா குடுத்த கட்டைய ஏம்பா போடவிடல?"

அவன் பனியைக் கிளறினான். "அதுல நான் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. மெழுகு வேணாம், தேய்க்க வேணாம். அப்புறம் நான் எதுக்கு?"

சிக்னே ஒரு சுளையை அவனிடம் நீட்டினாள். "நீ கூட வாயேன். பின்னாடி. தள்ளிவிடாத, அவ்ளோதான்."

கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் நடந்தே முடிவுக்கோட்டைத் தாண்டினார்கள். பரிசு அவளுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள், சட்டம் சட்டம்தான்.

மத்தியானம் சிக்னே மாரித் கொடுத்த கட்டையை மாட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் கிளம்பினாள். சர்ரென்று போனாள். ஹோக்கன் பின்னால் ஓடினான், அதே சிவப்பு மெழுகோடு, நான்கு எட்டுக்கு ஒருதரம் நின்று கட்டையைச் சுரண்டிக்கொண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் அவனுக்காக நின்றாள்.

"சீக்கிரம் வாப்பா, சோம்பேறி!"

இவ்வளவு சந்தோஷமாக என் தம்பி திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாள், காரில் சாமான் ஏற்றும்போது ஹோக்கன் தேடினான். "சிக்னே, உன் புதுக் கட்டை எங்க?"

"கட்டிலுக்கு அடியில இருக்கு. அடுத்த தடவை வர்றப்போ வேணும்ல."

அடுத்த முறை என்றால் இரண்டு வருடம். அவள் வளர்கிற வேகத்துக்கு அந்தக் கட்டை அப்போது எதற்கும் உதவாது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஹோக்கன் என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டேன்.

"இருக்கட்டும்மா" என்றான் மகளிடம்.

கதவைப் பூட்டினான். ஏதோ மறந்தவன்போல மறுபடி திறந்து உள்ளே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.