ஜரிகைக்கு ஒரு காய்ந்த சாக்கு

மார்கழி விடியலில் காஞ்சிபுரத்து நெசவாளர் தெருவில் முதலில் கேட்பது கோயில் ஒலிபெருக்கி. அடுத்துக் கேட்பது வாசலில் சாணித் தண்ணீர் விழும் சத்தம். ஏலவார்குழலி கதவைத் திறந்த கையோடு வாளித் தண்ணீரை விசிறி ஊற்றினாள். படியோரம் சுருண்டிருந்த கிழட்டு நாய் தலையோடு கால் நனைந்து எழுந்தது.

“கோலம் போடற எடத்துலதான் வந்து படுக்கணுமா? தள்ளிப் போ!”

நாய் உடம்பை உதறிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றது. அவள் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைத்து, கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். நாய் திரும்பி வந்து ஈரத் தரையிலேயே படுத்தது. அதற்கு வேறு இடம் தெரியாது.

அதன் பெயர் ஜரிகை. கறுப்பு உடம்பில் கழுத்திலிருந்து வால் வரை மஞ்சளாக ஒரு கோடு ஓடியதால், ஏலவார்குழலியின் கணவர் குமாரசாமி வைத்த பெயர். அது குட்டியாக வந்த நாளிலிருந்து அவர் தறிக்குழியில்தான் வாசம். கால் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற அந்தக் குழியில், அவர் பாதத்தின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு தூங்கும். குளிர் நாளில் அவர் காலுக்கு அது கம்பளி, அதற்கு அவர் கால் கம்பளி.

இந்த வருஷம் அது வாசலுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு வேண்டுதல். ஐப்பசியில் ஏலவார்குழலி விஷக்காய்ச்சலில் விழுந்தாள். டாக்டரே கையை விரித்தார். தெருக்கோடி அம்மனுக்குத் தன் கையால் பட்டு நெய்து சாத்துவதாகக் குமாரசாமி அழுதுகொண்டே வேண்டிக்கொண்டார். அவள் பிழைத்தாள். காய்ச்சல் நாளெல்லாம் அவள் கட்டிலுக்கு அடியில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த ஜரிகைக்காக யாரும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

அம்மன் புடவை தறியில் ஏறிவிட்டால் வீட்டில் சுத்தபத்தம் வேண்டும். கவிச்சி கூடாது. நெய்கிறவர் விடியலில் தலைக்குக் குளித்து, ஒருவேளை சாப்பாட்டோடு உட்கார வேண்டும். நாய் உள்ளே வரவே கூடாது. பின்கட்டில் வேறு குடித்தனம். ஆகவே ஜரிகை தெருவாசலுக்குப் போனது, அதுவும் மார்கழியில்.

முசரவாக்கத்திலிருந்து வாடிக்கையாகக் கடலை எண்ணெய் கொண்டுவரும் ஜினதாஸ் நயினார் ஒரு காலையில் வாசலிலேயே நின்று குமாரசாமியைக் கூப்பிட்டார்.

“இன்னா முதலியாரே, நாய் இப்டி வெடவெடன்னு நடுங்கினு கெடக்குது? உள்ள உடக் கூடாதா?”

“தறியில அம்மன் புடவை ஓடிக்கினு இருக்குது நயினாரே. எப்டி உடறது?”

“வயசான ஜீவன்பா. குளிரு தாங்காது.”

“எனக்கு மட்டும் குளிரலையா? நானும்தான் பச்சத் தண்ணியில குளிக்கிறேன்.”

“நீ குளிச்சா துண்டால தொவட்டிக்கினு உள்ள போயிடற. அது எங்க போவும்?”

குமாரசாமி தறிக்குத் திரும்பினார். நயினார் தன் வண்டியிலிருந்து ஒரு கோணிச் சாக்கை எடுத்து, நாலாக மடித்துப் படியோரம் போட்டு, ஜரிகையைத் தூக்கி அதன்மேல் விட்டார். “ஈரம் படாம பாத்துக்கம்மா. சாயங்காலம் கொஞ்சம் சுடுகஞ்சி ஊத்து” என்று ஏலவார்குழலியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியலில் அவள் வழக்கம்போல வாளியை வீசினாள். சாக்கு தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போயிற்று. அதைப் பிழிந்து வெயிலில் போட அவளுக்கு நேரம் இல்லை. கோலம், பொங்கல், பூசை என்று மார்கழியில் பெண்களுக்கு ஓயாத வேலை. சுடுகஞ்சியும் மறந்து போயிற்று. அவள் கெட்டவள் இல்லை. எறும்பு தின்னட்டும் என்று அரிசி மாவில் கோலம் போடுகிறவள்தான்.

நாய்க்கு இருமல் வந்தது. பிறகு பின்னங்கால் மடங்கிக்கொண்டது. சில நேரம் இழுத்துக்கொண்டு வந்து கதவைப் பிறாண்டும். தறியில் உட்கார்ந்திருந்த குமாரசாமி அந்தச் சத்தம் கேட்டுக் கையை நிறுத்தினார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. தெய்வத்துக்குக் கொடுத்த வாக்காயிற்றே!

“முந்தானைதான் பாக்கி. கொஞ்சம் பொறுத்துக்கடா கண்ணு” என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை இன்னும் வேகமாக வீசினார். புடவை முந்த வேண்டும், நாயின் முடிவு பிந்த வேண்டும் என்பதே அவர் பிரார்த்தனையாக இருந்தது.

புடவை முடிந்தது. மேளம் வைத்துக் கொண்டுபோய்ச் சாத்தினார்கள். அரக்குச் சிவப்பில் அம்மன் ஜொலித்தாள். “உன் கைக்குத் தங்க வளையல் போடணும்பா” என்று தெருவே புகழ்ந்தது. குமாரசாமி பிரசாதம்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடிவந்தார்.

ஜரிகையைத் தூக்கித் தறிக்குழிக்குள் விட்டார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். ஏலவார்குழலி கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தாள். நாய் ஒருமுறை மோந்து பார்த்தது, குடிக்கவில்லை. குழியில் இறங்கி உட்கார்ந்த குமாரசாமியின் பாதத்தைத் தேடி, முகத்தை அதன்மேல் வைத்துக்கொண்டது. உச்சிவேளைக்குள் அவர் கால்மேலேயே விறைத்துப் போயிற்று. அவர் காலை எடுக்கவே இல்லை. அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் விடியலில் வாளியோடு வந்த ஏலவார்குழலி, படியோரம் கிடந்த ஈரச் சாக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். எதிர்வீட்டு அங்கம்மாள் தன் வாசலில் படுத்திருந்த செவலை நாயின் மேல் தண்ணீரை வாரி ஊற்றினாள். அது கத்திக்கொண்டு ஓடியது.

“யக்கா, ஊத்தாதக்கா! அது செத்துப்பூடும்!”

“நாய்க்கு இன்னாடி குளிரு? அதுக்குத்தான் ஆண்டவன் ஒடம்பு பூரா மயிரு குடுத்திருக்கான்.” அங்கம்மாள் சிரித்துக்கொண்டே கோலப்பொடியை எடுத்தாள். பக்கத்து வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. செவலை நாய் நனைந்த உடம்போடு திரும்பி வந்து அதே படியில் படுத்தது.

பின்னால் வந்து நின்ற கணவரிடம் ஏலவார்குழலி உடைந்த குரலில் சொன்னாள்:

“ஆத்தாளுக்குப் பொட்டி நெறையப் புடவை இருக்குதுங்க. நாம குடுக்கலன்னா அவளுக்குக் குளிரப் போறதில்ல. நம்ம சோத்தத் தின்னுட்டு நம்ம வாசல்லயே கெடந்துதே, அதுக்கு ஒரு காஞ்ச சாக்கு, ஒரு வாய் சுடுகஞ்சி குடுக்க நமக்குத் தோணலியே. வளக்கற ஜீவன குளிர்ல போட்டுட்டு எந்தச் சாமிக்கு இன்னா செஞ்சாலும் அது புண்ணியம் இல்லீங்க, பாவந்தான்.”